உயர்தரப் பெறுபேற்றைக் காட்டி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் பெறுவது எப்படி?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் வன்னி மாணவர் முதலில் பார்ப்பது, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைத்தான். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான இடங்களில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் நிரப்பப்படுவதால், முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வருகின்றன. ஆயினும் உள்நாட்டில் அந்தப் பெறுபேறு அனுமதியோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மூன்று ஏ எடுத்தவரும் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் முதலாம் ஆண்டுப் பாடங்களை முழுமையாகப் படித்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைமுறை வேறு. அங்குள்ள மாணவர்கள் பாடசாலைக் காலத்திலேயே ஏபி (Advanced Placement) எனப்படும் பல்கலைக்கழக மட்டத் தேர்வுகளை எழுதி, 1 முதல் 5 வரையான புள்ளிகளில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றால், பல பல்கலைக்கழகங்கள் அதற்கு ஈடான முதலாம் ஆண்டுப் பாடத்தைப் படித்ததாகவே கணக்கில் எடுத்து, அதற்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குச் சேர்க்கவேண்டிய பாட அலகுகளை, வழங்குகின்றன; போட்டி மிகுந்தவை 4 அல்லது 5 கேட்கும். நம்முடைய உயர்தரத்தையும் இதே வகையில் மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பொதுவிதி கிடையாது என்பதால், விண்ணப்பிக்கும் முன்னரே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் மாற்ற விதிகளைத் தேடி, இலங்கை உயர்தரம் ஏற்கப்படுகிறதா, லண்டன் அல்லது கேம்பிரிட்ஜ் உயர்தரம் மட்டும்தானா என்று மின்னஞ்சலில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மின்னஞ்சலில் இசட் புள்ளியை முன்னிறுத்த வேண்டாம். சராசரி 50, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 75 எடுத்தவருக்கு அது ஏறத்தாழ 1.67, சராசரி 62, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 75 எடுத்தால் 1.3. அவ்வாண்டு எழுதியவர்களுக்குள் ஒருவர் நிற்கும் இடத்தையே அது சொல்கிறது. கிரெடிட் வழங்குபவர்கள் பார்ப்பது பாடவாரியான தரத்தை. இரண்டிலும் 75 என்பது ஏ தான்.

அடுத்தது ஆவணங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலச் சான்றிதழே அடிப்படை. 2009 இடப்பெயர்வில் மூலப்பிரதியைத் தொலைத்தவர்கள், தோற்றிய ஆண்டையும் சுட்டெண்ணையும் கொடுத்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி கேட்கப்பட்டால் யாழ்ப்பாணத்திலுள்ள பிராந்திய அலுவலகத்திலேயே பெறலாம். கொழும்புப் பயணம் மிச்சம். சான்றிதழில் முதலெழுத்துகளும் கடவுச்சீட்டில் தகப்பனாரின் முழுப்பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான சத்தியக்கடதாசியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இந்தச் சின்ன விடயத்தில்தான் பல கோப்புகள் கிடப்பில் போகின்றன.

தரம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. இணைந்த கணிதத்துக்கு நுண்கணிதப் பாடத்தின் கிரெடிட் கேட்பவர், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வகையீடும் தொகையீடும் வரும் அலகுகளைக் குறித்து இணைத்தால், மதிப்பிடுபவர் ஊகிக்க வேண்டியதில்லை. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் ஆய்வுகூடப் பகுதிக்குத் தனிச் சான்று கேட்கலாம் என்பதால், செய்முறைக் கொப்பியைப் பழைய கடதாசிக்காரரிடம் போட்டுவிடாமல், அதிபரின் கையொப்பத்துடன் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்வது நல்லது.

கிடைத்த கிரெடிட் அனைத்தையும் ஏற்கவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. அமெரிக்க இளமாணிப் பட்டத்துக்கு வழமையாக 120 கிரெடிட் தேவை. ஒவ்வொன்றும் பணம் என்பதால் குறைக்கத் தோன்றும். ஆனால் தமிழில் கணிதம் படித்த ஒருவர், ஆங்கில விரிவுரைக்குப் பழகும் முன்னரே இரண்டாம் கட்டக் கணிதத்தில் போய் அமர்வது, என் பார்வையில், எல்லோருக்கும் பொருந்தாது. முதற் பருவப் பாடப்பதிவுக்கு முன் கல்வி ஆலோசகரிடம் இதைப் பேசி முடிவெடுங்கள். பதிவு முடிந்த பின் மாற்றுவது கடினம்.