கோகர்ணத்தில் ஒரு வார இறுதி: கடலோர நடையும் குளியலும், படிப்படியாக

கோகர்ணம் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. மகாபலேசுவரர் கோயிலால் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர். துளுவ நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம். கோயிலை ஒட்டிய கடற்கரையிலிருந்து தெற்கே குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று நான்கு கடற்கரைகள் அடுத்தடுத்து வருகின்றன. இடையிடையே குன்றுகள் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு குன்றையும் ஏறி இறங்கினால் அடுத்த கடற்கரை. வேர்த்து விறுவிறுத்து இறங்கியதும் நேரே தண்ணீருக்குள் போய்விடலாம் என்பதுதான் எனக்கு இந்த வழியை இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம்.

படி 1: மாதம்

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. தென்மேற்குப் பருவமழை அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கடலில் கால் வைக்கவே வேண்டாம்.

படி 2: போய்ச் சேர்வது

பெங்களூரிலிருந்து கார்வார் செல்லும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் கோகர்ணா ரோடு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ.

படி 3: பை

கனத்த மலையேற்றக் காலணி தேவையில்லை. குதிகாலில் வார் உள்ள, ரப்பர் அடி கொண்ட செருப்பே போதும், நனைந்தாலும் கவலையில்லை. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த குன்றைத் தாண்டுவதற்குள் தோளிலேயே காய்ந்துவிடும். நீர் புகாத பை, தலையில் மாட்டும் டார்ச், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஓம் கடற்கரையைத் தாண்டினால் கடை இருக்கும் என்று நம்பி நடக்காதீர்கள்.

படி 4: நேரம் குறிப்பது

எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையில் ஏறத்தாழ 6 மணி நேரம். மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். எனவே விடுதி பார்ப்பதற்கு முன் கார்வார் துறைமுகத்துக்கான கடல்மட்ட அட்டவணையைப் பாருங்கள். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் கடல் வற்றும் சனிக்கிழமையாகத் தேடி எடுங்கள்.

காலை நேரத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இது மேற்குக் கரை; சூரியன் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து எழும்புவதால் மணலில் வெகுநேரம் நிழல் கிடக்கும். பிற்பகலில் வெயில் முகத்தில் அறையும். அத்துடன் நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று கிளம்பி நீரைக் கலக்கிவிடும். காலையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

படி 5: நடை

ஊர்க் கடற்கரையின் தென்கோடியில் ராமதீர்த்தம் இருக்கிறது. அங்கிருந்து படியேறினால் செம்பாறை மேடு, மறுபக்கம் குட்லே. குட்லேயின் தென்முனையில் மீண்டும் ஏறினால் ஓம். மேலிருந்து பார்த்தால்தான் அந்தப் பெயருக்குக் காரணமான இரட்டை வளைவு தெரியும்.

ஹாஃப் மூனுக்குப் பிறகு பாதை மாறுகிறது. செம்பாறைச் சரிவில் கோலிக்குண்டு அளவில் உருண்டைக் கற்கள் உதிர்ந்து கிடக்கும். அவற்றின் மேல் முழுப் பாதத்தையும் பதித்து, சிறு சிறு அடியாக இறங்க வேண்டும். கீழே பாறைகளின் ஓரமாகப் போகும் குறுக்கு வழி, கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான். பச்சையாகவோ கறுத்து மினுமினுத்தோ இருக்கும் பாறை வழுக்கும். வெளுத்து, சொரசொரப்பாக இருப்பதில் கால் பிடிக்கும். கையூன்றும் இடத்தில் சிப்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள், பிளேடாக அறுக்கும். சிறிது ஐயம் வந்தாலும் மேட்டுப் பாதைக்கே திரும்பிவிடுங்கள்.

திரும்பி வர, பாரடைஸிலிருந்து ஓமுக்குப் பருவகாலத்தில் படகு கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள்.

படி 6: குளியல்

குளிக்க என் தேர்வு குட்லேதான். அகன்ற வளைவு, நல்ல மணல். பாரடைஸில் பாறை அதிகம். கால் நனைத்தால் போதும். எங்கே போனாலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாமல், கலங்கிய நீரும் நுரையும் வெளிநோக்கிப் போகிறதா? அமைதியாகத் தோன்றும் அந்த இடத்தில்தான் இழுப்பு இருக்கிறது. பாறைகளை ஒட்டியும் இப்படி ஓடும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். மிதந்தபடி கை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள்.

பிற்சேர்க்கை

கருத்துப் பகுதியில் வந்த கேள்விகளுக்காக இதைச் சேர்க்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் தாராளமாக நடக்கலாம். குட்லேயில் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறை மேல் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவே வேண்டாம். வெயிலடிக்கும் நாளிலும் தொலைவில் கிளம்பிய பேரலை கரைக்கு வரும். கிளம்புவதற்கு முந்தைய இரவு, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் குளியலை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அகநாசினி கழிமுகத்துக்குப் போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்த இடம் அது. பக்கத்திலேயே மிர்ஜான் கோட்டையும் இருக்கிறது.