பர்மிய வசன வரிகள் சிதைந்து தெரிகிறதா?

மைக்கேல் ஹுய், ஸ்டீபன் சௌ ஆகியோரின் ஹாங்காங் நகைச்சுவைப் படங்களுக்கு பர்மிய ரசிகர்கள் எழுதிய வசன வரிகளைத் திறந்ததும் எழுத்துகள் சிதறித் தெரிந்தால், கோப்பை அழித்துவிடாதீர்கள். அநேகமாக அது பழைய ஸோஜி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். மியன்மார் அதிகாரபூர்வமாக யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியதே 2019 அக்டோபர் 1-இல்தான். நம் ஒற்றைக் கொம்பைப் போலவே பர்மிய 'எ' குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். ஸோஜி அதை எழுத்துக்கு முன்னால் பதிக்கும், யூனிகோடு பின்னால் பதிக்கும். குழப்பத்தின் வேர்களில் இது ஒன்று. இலவச ஸோஜி–யூனிகோடு மாற்றியில் உரையை ஒட்டி மாற்றி, யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள்.

வரிகள் முந்தி வந்தால் விஎல்சி பிளேயரில் ஹெச் விசை, பிந்தினால் ஜி.

ஒலியை மட்டும் ஹாங்காங் மக்கள் பேசும் கண்டோனிய மொழியிலேயே வையுங்கள், மாண்டரின் டப்பிங் வேண்டவே வேண்டாம். கண்டோனியம் ஆறு தொனிகள் கொண்ட மொழி. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். சிலேடைகள் பிறப்பது அங்கேதான். பர்மியமும் தொனி மொழி என்பதால், நல்ல மொழிபெயர்ப்பாளர் தம் மொழியிலேயே ஒரு சிலேடையைப் பொருத்தியிருப்பார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.