உள்ளே வந்த குறுஞ்செய்தி, வெளியே போகாத குறுஞ்செய்தி

புதிய கைபேசியில் யு.பி.ஐ. செயலியுடன் வங்கிக் கணக்கை இணைக்க முயன்றபோதெல்லாம், 'எண்ணைச் சரிபார்க்க இயலவில்லை' என்ற அறிவிப்பே 3 நாள்களாக வந்தது. செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள வங்கிக் கிளைக்குச் சென்று, கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் சரிதான் என்று உறுதிசெய்துகொண்டேன். ஓ.டி.பி. தடையின்றி வந்துகொண்டிருந்ததால், குறுஞ்செய்தியை நான் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் இந்தச் சரிபார்ப்புக்கு, நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே செல்ல வேண்டும். செய்திப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பொருள் விளங்காத எழுத்துகளுடன் 11 செய்திகள் 'அனுப்பப்படவில்லை' என்ற சிவப்புக் குறியோடு கிடந்தன. என் ரீசார்ஜ் திட்டத்தில் இலவசக் குறுஞ்செய்தி இல்லை, பேலன்ஸும் பூஜ்யம். 10 ரூபாய்க்கு டாப்-அப் செய்ததும், அடுத்த முயற்சியிலேயே கணக்கு இணைந்தது. அன்று மாலையே முதுநகரில் சங்கரா மீனுக்கு 180 ரூபாயைக் கைபேசியில் செலுத்தினேன்.