எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் வரிசை செய்த சிக்கல்

தரமணி அலுவலகத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் பயனர் பெயர், போர்ட் எண் (இணைப்பு நுழையும் வாயிலின் எண்), சாவிக் கோப்பு என்று நீளமாகத் தட்டச்சு செய்வது சலித்துப்போனதால், அனைத்தையும், தொலைவிலுள்ள சர்வர்களுடன் பாதுகாப்பாக இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் (SSH) கருவியின் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தேன். ஆனால் சோதனை சர்வருக்கு நான் கொடுத்திருந்த 2222 என்ற போர்ட்டை விட்டுவிட்டு, அது 22 வழியாகவே இணைய முயன்று தோற்றது.

எஸ்எஸ்ஹெச் கட்டளையுடன் மைனஸ் போட்டுப் பெரிய எழுத்து 'ஜி'யைச் (-G) சேர்த்து இயக்கியபோது, இணைப்பு ஏற்படாமலேயே, எந்த மதிப்புகள் உண்மையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்பது வரிவரியாகத் திரையில் வந்தது. அருமையான வசதி இது. 'போர்ட் 22' என்ற வரியைக் கண்டதும் காரணம் புலப்பட்டது. பின்னால் எழுதுவதே செல்லும் என்று வேறு கருவிகளில் பழகியிருந்தேன்; எஸ்எஸ்ஹெச்சிலோ முதலில் கிடைக்கும் மதிப்பே நிலைக்கும். எல்லா சர்வர்களுக்கும் பொதுவான நட்சத்திரக் குறிப் பகுதியை, போர்ட் 22 உட்பட, கோப்பின் தலையில் வைத்திருந்தேன். அதைக் கடைசிக்கு நகர்த்தியதும் இணைப்பு உடனே கிடைத்தது.