எழுத்து தெரியாமலே சீனக் கல்லறையைப் படிப்பது எப்படி?

பிள்ளைகள் வீட்டுக்கு என்று சிங்கப்பூர் போகும் நம் சேலத்துக்காரர்கள், கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதை புக்கிட் பிரவுன் சீன இடுகாட்டுக்கு ஒதுக்குங்கள். 1922-இல் திறந்து 1973-இல் மூடினார்கள். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. நடுவே சாலை போடுவதற்காகச் சில ஆயிரங்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

போனதும் கல்லைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டராக இருந்தவன் நான். மேட்டுத் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும். சீனக் கல்லறைக்கு முதுகு மேட்டுப் பக்கம், முகம் திறந்த வெளிப் பக்கம். முன்னால் நீர்நிலை இருந்தால் இன்னும் விசேஷம். மண்மேட்டைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் கரை கட்டி, அதன் இரு கைகளையும் முன்பக்கம் இறக்கியிருப்பார்கள். மழை கொட்டினால் தண்ணீர் மேட்டின் மேல் பாயாமல் இரு புறமும் பிரிந்து வழிந்துவிடும். சீனர்களின் வாஸ்துவான ஃபெங் சுயி சாஸ்திரம் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லட்டும், மண் அரிப்பு தெரிந்தவர் கட்டிய கட்டு இது.

இனி எழுத்து. மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போகும். நடுவரிசையில் பெரிதாக இருப்பது இறந்தவர் பெயர். இடப்பக்கம் பொடியாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் பிள்ளைகள், பேரர்கள். இரட்டைக் கல்லறையில் ஒரு பெயர் மட்டும் சிவப்பில் இருந்தால், கல் நட்டபோது அவர் உயிரோடு இருந்தார் என்று பொருள்.

ஆண்டுதான் சுவாரசியம். ஒரு கோடு ஒன்று, இரு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று. கூட்டல் குறி பத்து. இரு கோட்டின் கீழ் கூட்டல் குறி வந்தால் இருபது. சீனக் குடியரசு ஆண்டு என்றால் 1911-ஐக் கூட்டுங்கள்: இருபது என்பது 1931. குவாங்சு பேரரசர் காலத்துக் கல் என்றால் 1874-ஐக் கூட்ட வேண்டும். இந்த இரண்டு காலப் பெயர்களையும் தெரிந்தவர் யாரிடமாவது தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அதை மட்டும் வெட்டியிருந்தால் எந்த அறுபது என்று கல் சொல்லாது.

பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் குட்டிக் கல்லைக் குழந்தையின் சமாதி என்று நினைத்துவிடாதீர்கள். அது மண்ணின் தெய்வம். நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி, படையல் முதலில் அவருக்குத்தான்.

நேரம் இருந்தால் அக்கால வணிகர் ஓங் சாம் லியோங்கின் குடும்பக் கல்லறைவரை ஏறிவிடுங்கள். அங்கே மிகப் பெரியது அதுதான். பெற்றோரைப் பேணிய இருபத்து நான்கு பேரின் கதைகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காவலுக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியர் சிலைகள்! அக்காலச் சிங்கப்பூரில் பணக்கார வீட்டு வாசலில் நின்றவர்களை இங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் என்ற சீனர்களின் முன்னோர் வழிபாட்டு நாள் வரும். குடும்பங்கள் கல்லறையைத் துப்புரவு செய்து படைப்பார்கள். மேட்டின் மேல் வண்ணத் தாள்கள் செருகியிருந்தால் தொடாதீர்கள், அந்தக் கல்லறைக்கு ஆள் வந்துபோன அடையாளம் அது. முழுக்கால் சட்டையும் கொசுத் தைலமும் அவசியம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், பாசி வழுக்கும்.