டேட்டாபேஸ் விதிகளைச் சோதிக்கும்போது வழுக்கும் இடங்கள்

வயது 18 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஃபார்மில் 25 போட்டேன், சேமித்தது. 12 போட்டேன், சிவப்பு எழுத்தில் திட்டியது. சோதித்தாயிற்று என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அடுத்த வாரம் பார்த்தால் உறுப்பினர் பட்டியலில் இரண்டு பேருக்கு வயது 2. பலருக்கு வயதே இல்லை. (வயதைச் சேமிப்பதே தவறு, பிறந்த தேதியைத்தான் சேமிக்க வேண்டும். அது வேறு சண்டை.)

எல்லாம் எக்ஸெல் கோப்பிலிருந்து இறக்கிய ரெக்கார்டுகள். விதி ஃபார்மில் மட்டும்தான் இருந்தது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை. இறக்குமதி, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட், அவசரத்துக்கு யாரோ நேரடியாக ஓட்டும் அப்டேட் எதுவும் ஃபார்ம் வழியாக வருவதில்லை. அதனால் ஃபார்மை மறந்துவிட்டு டேபிளுக்குள் நேராக ஒரு தப்பான வரியைத் தள்ளிப் பாருங்கள். அது உள்ளே போனால் உங்களிடம் இருப்பது விதி இல்லை, வேண்டுகோள்.

சரி என்று டேபிளிலேயே செக் கன்ஸ்ட்ரைன்ட் (டேபிளுக்குள் நுழையும் ஒவ்வொரு வரியையும் சோதிக்கும் விதி) போட்டேன். 2 வயதுக்காரர்கள் வருவது நின்றது. வயது இல்லாதவர்கள் மட்டும் மறுபடி வந்தார்கள். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறோம். புலம் 'நல்' ஆக, அதாவது மதிப்பே இல்லாமல் இருந்தால், 18 அல்லது அதற்கு மேலா என்ற கேள்விக்கு ஆம், இல்லை இரண்டுமே விடையாகாது. 'தெரியாது' என்பதுதான் விடை. செக் விதி 'இல்லை' வந்தால் மட்டுமே தடுக்கும், 'தெரியாது' என்றால் விட்டுவிடும். புலத்துக்குத் தனியாக நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) போட வேண்டும்.

பழைய வரிகளில் தப்பு இருக்கிறதா என்று தேடும்போது இதே குழி திரும்ப வருகிறது. 'விதிக்கு உட்படாத வரிகளைக் காட்டு' என்று வேர் நாட் (வரிகளை வடிகட்டும் 'வேர்', அதோடு 'இல்லை' என்னும் 'நாட்') போட்டு வினவினால் நல் வரிகள் வராது, ஏனென்றால் வேர் 'ஆம்' வந்ததை மட்டுமே எடுக்கும். பூஜ்ஜியம் வரிகள் என்று திரை சொல்லும், நாமும் நிம்மதியாகத் தூங்குவோம். 'இஸ் நல்' (காலியா) என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

டேபிளில் விதி எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்ததும் அது வேலை செய்கிறது என்று நம்பிவிடுவது அடுத்த தவறு. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், 2019 ஏப்ரலில் வந்த 8.0.16-க்கு முந்தைய பதிப்புகளில் செக் விதியைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பிழைச் செய்திகூட வராது. இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் சுட்டும் வரி மற்ற டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்பது) பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் பல்க் இன்சர்ட் (கோப்பிலிருந்து மொத்தமாக வரிகளை ஏற்றும் கட்டளை), நாம் கேட்காதவரை செக் விதிகளைப் பார்ப்பதில்லை. நிறுத்திவைத்த விதியைத் திரும்ப இயக்கும்போதும் 'வித் செக் செக்' என்று இரண்டு முறை சொன்னால்தான் பழைய வரிகளைப் பார்க்கும். விளையாட்டில்லை, அதன் இலக்கணமே அப்படி.

எல்லை மதிப்புகள் தெரிந்த பாடம்தான்: 17, 18, 19. தேதியில் மட்டும் கவனம். மார்ச் 31 வரை என்று பிட்வீன் (இதிலிருந்து இதுவரை என்னும் நிபந்தனை) போட்டால், நேரமும் சேர்ந்த புலத்தில் மார்ச் 31 பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு பதிவானவை வெளியே போய்விடும்.

தப்பைத் தடுக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்போம். சரியானதைத் தடுக்கிறதா என்று பார்க்க மாட்டோம். பெயரில் எழுத்து மட்டும் இருக்கலாம் என்று ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) எழுதி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடின் 'எழுத்து' வகையைக் கொடுத்தால் எல்லா மொழியும் அடங்கிவிடும் என்று நினைப்போம். 'கவிதா'வை உள்ளிட்டுப் பாருங்கள், மறுக்கும். யூனிகோடில் கொம்பும் காலும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் அதே கவிதா போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு ஐந்து, குறிகளையும் தனித்தனியாக எண்ணும். ஆரக்கிள் டேட்டாபேஸில் நீளத்தை இயல்பாகப் பைட்டில் எண்ணுவதால், யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்றால் 15. இருபது பைட்டுக்குள் பெயர் என்று விதி வைத்த இடத்தில் கவிதா தப்பித்துவிடுவார்; 'மு. கவிதா' என்று இனிஷியலோடு வந்தால் 23 ஆகி வாசலிலேயே நிற்பார்.