தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷின்: காரணம் ஒரு ஊக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்து முடித்த மெஷின் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதி டிரம் சோப்புத் தண்ணீர். கதவும் திறக்கவில்லை, ஸ்பின்னும் சுற்றவில்லை. மோட்டார்தான் போய்விட்டது என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் போட்டால் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும் வந்தது. பம்புக்கு கரண்ட் வருகிறது, ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? உள்ளே தண்ணீர் நிற்கும்வரை, தண்ணீர் அளவைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் ஸ்பின்னை விடாது. ஆக, கோளாறு ஒன்றுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பின்னாலிருந்த ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. முன்பக்கம் கீழே சின்ன மூடி. அதற்குள் பம்பு ஃபில்டர். அகலத் தட்டு வைத்து, மெல்ல இடப்பக்கமாகத் திருகினேன். ஒரேயடியாகத் திறந்தால் வீடே குளமாகிவிடும். கொஞ்சம் திறந்து, வடியவிட்டு, மூடி, தட்டைக் கொட்டி, மறுபடி. ஏழெட்டு தடவை! சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும், கை வெந்துவிடும்.

ஃபில்டரில் தலைமுடிச் சுருள், ஒரு ரூபாய் நாணயம், பஸ் டிக்கெட் கூழ். நாணயமும் டிக்கெட்டும் என் சட்டைப்பையிலிருந்து வந்தவைதான். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே பம்பு இறக்கையில் குத்தி நின்றது புடவை ஊக்கு. அதை மூக்குக் குறடால் எடுத்ததும் இறக்கை விரலுக்கு அசைந்தது. ஃபில்டரை இறுக்கி மூடி, ஸ்பின் மட்டும் போட்டேன். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் போய், டிரம் சுற்றியது.

ஊக்கு யாருடையது என்று மட்டும் நான் கேட்கவில்லை.